4 ஜிபி ரேம், போன் ஹாட்ஸ்பாட், கோத்தகிரி: படிக்கிற பிள்ளைக்கு எந்த லினக்ஸ்?

7 ஜூன் 2025

பக்கத்து லைன் வீட்டுப் பெண் இந்த வருடம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்கிறாள். அம்மாவும் அப்பாவும் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர்கள். கீழே கோயம்புத்தூரில் ஒரு கடையில் பழைய லேப்டாப் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறார்கள். செலரான் என்4020, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே இருக்கிற மெதுவான சேமிப்பு). விண்டோஸ் 11 இருக்கிறது. ஆனால் டிஸ்க்கில் பாதியை விண்டோஸே பிடித்துக்கொண்டு, அப்டேட் இறக்க இடம் போதாது என்கிறது. "அண்ணா, லினக்ஸ் போட்டா நல்லா ஓடுமாமே, எதைப் போடறது?" என்று கேட்டாள். அவள் அம்மா சொன்னது ஒன்றுதான்: "தம்பி, இதுக்கு மேல காசு போட முடியாதுப்பா."

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ், அதில் டிஸ்ட்ரோ எனப்படும் பல வகைகள் உண்டு. என் பதில் லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ என்ற மேசைத் திரை கொண்ட பதிப்பு.

இருப்பதிலேயே லேசானது அது இல்லை. லுபுண்டு இன்னும் கொஞ்சம் குறைவாக ரேம் எடுக்கும், அதைவிடச் சின்னதும் உண்டு. ஆனால் மலையில் இருக்கிற பிள்ளைக்கு நான் பார்ப்பது வேறு மூன்று விஷயம். வருடக்கணக்கில் கைவைக்காமல் ஓட வேண்டும். டேட்டாவைத் தின்னக் கூடாது. கெட்டுப்போனால் நடந்து போகிற தூரத்தில் அதைத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். மின்ட் 22, உபுண்டு 24.04 என்ற இன்னொரு டிஸ்ட்ரோவின் மேல் நிற்கிறது, ஏப்ரல் 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். மூன்று வருடப் படிப்பு முடிந்து வேலை தேடுகிற காலம் வரைக்கும் அதே மேசை, அதே மெனு. ஃபெடோரா நல்ல டிஸ்ட்ரோதான், ஆனால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஆதரவு சுமார் 13 மாதம். அதற்குள் அடுத்ததற்கு மாறியாக வேண்டும். போன் டேட்டாவில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

8 ஜூன் 2025

பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது. டிஸ்ட்ரோவைவிட இதுதான் முக்கியம்.

ஒரு பென் டிரைவில் வென்டாய் (ஐஎஸ்ஓவிலிருந்து பூட் செய்ய உதவும் கருவி) போட்டு, மின்ட் ஐஎஸ்ஓவை, அதாவது நிறுவும் கோப்பை, அதில் காப்பி செய்து கடைக்கே எடுத்துப் போங்கள். செக்யூர் பூட் (அனுமதி இல்லாத மென்பொருள் பூட் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) ஆன் ஆக இருந்தால் வென்டாய் முதல்முறை ஒரு சாவியைப் பதிக்கச் சொல்லும். விற்கிற மெஷினில் அதைச் செய்யக் கடைக்காரர் தயங்கினால், மின்டை மட்டும் நேராக எழுதிய பென் டிரைவ் போதும். எதையும் நிறுவாமல் லைவ் ஆகவே ஓட்டிப் பார்க்கலாம்.

பார்க்க வேண்டியவை: வைஃபை பட்டியலில் பெயர்கள் வருகிறதா. சத்தம், கேமரா, வெளிச்சம் கூட்டுகிற குறைக்கிற பட்டன். பிறகு மூடியைச் சாத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து திறந்தால் எழுந்திருக்கிறதா. கடைசிச் சோதனையைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. வகுப்புக்கு வகுப்பு மூடித் திறக்கிற பிள்ளைக்கு அதுதான் தினமும் உதைக்கும்.

வைஃபை சிப் பற்றி: இன்டெல் என்றால் கவலை இல்லை. ரியல்டெக் 8821சிஇ மலிவு மெஷின்களில் நிறைய வரும், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் 5.9-ஆம் பதிப்பிலிருந்து அதை இயக்கும் டிரைவர் உள்ளேயே இருக்கிறது. 8852பிஇ-க்கு 6.2-இலிருந்து. மின்ட் 22-இல் இருப்பது 6.8, அதனால் இரண்டுமே ஓடும். மீடியாடெக் எம்டி7902 என்று இருந்தால் வேண்டாம், இதை எழுதும் ஜூன் 2025-இல் கர்னலில் அதற்கு டிரைவர் இல்லை. கழற்றி வேறு கார்டு மாற்ற முடியுமானால் மட்டும் யோசிக்கலாம்.

8 ஜூன், இரவு

ரேம் போர்டிலேயே ஒட்டியதா, கூடுதலாகப் போட ஸ்லாட் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஒட்டியது என்றால் 4 ஜிபி சாகும்வரை 4 ஜிபிதான். இந்தப் பெண்ணின் மெஷின் ஒட்டிய ரகம். விலைக்கு வேறு கிடைக்கவில்லை, வாங்கியாயிற்று.

15 ஜூன் 2025

நேற்று நிறுவினோம். விண்டோஸை முழுவதும் எடுத்துவிட்டோம், 64 ஜிபியில் இரண்டையும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. நிறுவி முடித்ததும் மின்ட் எடுத்துக்கொண்ட இடம் 10 ஜிபியைத் தாண்டிக் கொஞ்சம்.

அவர்கள் வீட்டில் சிக்னல் ஒரே இடத்தில்தான் வரும். சமையல்கட்டு ஜன்னல் கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் போனைச் செருகி வைத்தால் இரண்டு கோடு. எடுத்து உள்ளறைக்கு வந்தால் ஒன்றும் இல்லை. ஹாட்ஸ்பாட் போட்டால் நடுவில் இருக்கிற கல் சுவர் அதையும் பாதி விழுங்கிவிடுகிறது. அதனால் போனை ஜன்னலிலேயே விட்டு நீளமான யுஎஸ்பி கேபிள் இழுத்து டெதரிங் (போன் நெட்டைக் கேபிள் வழியே கொடுப்பது) போட்டோம். லினக்ஸில் இதற்கு ஒன்றும் நிறுவ வேண்டாம், செருகின உடனே வயர் கனெக்‌ஷன் என்று மூலையில் காட்டும். முதல் கேபிளில் காட்டவில்லை. சார்ஜ் ஏற்ற மட்டும் செய்த கேபிள் அது, உள்ளே டேட்டா கம்பியே கிடையாது. அவள் தம்பியின் போன் பெட்டியில் வந்த கேபிளை மாற்றியதும் வேலை செய்தது.

பழைய மெஷின்களில் பிராட்காம் வைஃபை இருந்து டிரைவர் இல்லாமல் முழிக்கிறவர்களும் இதே வழியில் நெட்டைக் கொண்டுவந்து, டிரைவர் மேலாளரில் இறக்கிக்கொள்ளலாம். வைஃபைக்கு டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க வைஃபை வேண்டும் என்று மாட்டிக்கொண்டு லினக்ஸே வேண்டாம் என்று போன பிள்ளைகள் எனக்குத் தெரியும். பத்து அடி கேபிள் இருந்தால் தீர்கிற விஷயம்.

22 ஜூன் 2025

டேட்டா கணக்கு. இது சமவெளியில் ஃபைபர் வைத்திருக்கிறவர்களுக்கு உறைக்காது.

தினம் 1.5 ஜிபி பேக்கில் வாழ்கிற வீடு. மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஐஎஸ்ஓ 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. உபுண்டு 24.04 டெஸ்க்டாப் 6 ஜிபியை ஒட்டி வரும், நாலு நாள் பேக் அதற்கே போய்விடும். அதோடு உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ், ஸ்நாப் என்ற தனிப் பொதி வடிவில் வருகிறது. ஸ்நாப் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், நிறுத்தி வைக்க வழி உண்டு, ஆனால் புதிதாக வந்த பிள்ளைக்கு அது தெரியாது. மின்ட் 2020-இல் வந்த 20-ஆம் பதிப்பிலிருந்து ஸ்நாப்பைத் தள்ளியே வைத்திருக்கிறது. அப்டேட் எப்போது என்பதை நாம்தான் சொல்கிறோம்.

ஆனால் மின்ட்டிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மென்பொருள் மேலாளரில் ஒரே செயலி இரண்டு விதமாகக் கிடைக்கும், சாதாரணப் பேக்கேஜ் ஒன்று, ஃப்ளாட்பேக் ஒன்று. ஃப்ளாட்பேக்கைத் தொட்டால் சின்னச் செயலிக்குக்கூட அடித்தளம் என்று நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும். பெயருக்குக் கீழே ஃப்ளாட்பேக் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்தச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அப்புறம், நான் ஊரில் எல்லாருக்கும் ஒரே டிஸ்ட்ரோ என்று பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இதுதான். ஒரு மெஷினில் இறக்கிய டெப் கோப்புகள் (மின்ட்டின் நிறுவல் பொதிகள்) கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், தங்கும்படி அமைத்துவிட்டால், பென் டிரைவில் எடுத்துப் போய் அதே பதிப்பு இருக்கிற அடுத்த வீட்டு மெஷினில் போட்டுவிடலாம். ஜான்ஸ்டன் சதுக்கத்துக்கு வந்து போகிற பிள்ளைகள் இப்படிக் கைமாற்றி அப்டேட் செய்கிறார்கள். ஒருவர் மின்ட், ஒருவர் ஃபெடோரா, ஒருவர் ஆர்ச் என்று இருந்தால் இது நடக்காது. கைமாறி வந்த ஐஎஸ்ஓ என்றால் ஷா256 தொகையை (கோப்பு மாறாததைச் சரிபார்க்கும் எண்) மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகே நிறுவுங்கள்.

3 ஜூலை 2025

தமிழ் தட்டச்சு. தனியாகவே எழுத வேண்டிய விஷயம்.

கீபோர்டு அமைப்பில் இந்தியா என்று தேடினால் தமிழ்99 ஒன்று நேராகவே கிடைக்கும். அதைச் சேர்த்துவிட்டுப் பலர் "புள்ளி தானா விழலையே" என்கிறார்கள். விழாது. அந்த வகை அமைப்பு ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் கொடுக்கும், முந்தின எழுத்து என்ன என்று பார்க்காது. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியோடு எம்17என் பேக்கேஜை நிறுவி அதிலிருக்கிற தமிழ்99-ஐச் சேர்த்தால்தான் 1999-இல் தரமாக அறிவித்த விதிகள் முழுவதும் வேலை செய்யும்: அ, ம, ம, ஆ என்று அடித்தால் அம்மா. ஒலிப்பு முறையில் பழகியவர்களுக்கு அதுவும் அதே பேக்கேஜில் இருக்கிறது. நிறுவிய பிறகு ஒருமுறை வெளியேறி மறுபடி நுழைய வேண்டும்.

லிப்ரே ஆஃபீஸில் மொழி அமைப்புக்குள் போய் சிடிஎல் (சிக்கலான எழுத்து அமைப்புள்ள மொழிகள்) பகுதியில் தமிழைத் தேர்ந்து, இயல்பு எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழோ லோஹித் தமிழோ வைத்துவிடுங்கள். இல்லையென்றால் அளவு ஒன்றாகவும் எழுத்து ஒன்றாகவும் வந்து படுத்தும்.

4 ஜூலை 2025

நேற்று விட்டுப்போனது: பாமினி என்ற யுனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாள்கள். பள்ளியிலும் டியூஷனிலும் இன்னும் அப்படித்தான் வருகின்றன. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் சிதறியது போலத் தெரியும். லினக்ஸ் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், விண்டோஸிலும் எழுத்துரு இல்லாவிட்டால் இதே கதிதான். எழுத்துருக் கோப்பை ஹோம் அடைவில் உள்ள ஃபான்ட்ஸ் அடைவுக்குள் போட்டால் படிக்கலாம். திருத்த வேண்டுமானால் யுனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போகும்போது எப்போதும் பிடிஎஃப் ஆக எடுத்துப் போங்கள், அங்கே எந்த மெஷின் இருந்தாலும் எழுத்து மாறாது.

19 ஜூலை 2025

கட்டபெட்டிலிருந்து வந்த பையன், பாதுகாப்புச் சோதனைக்கென்றே செய்த காலி லினக்ஸ்தான் வேண்டும் என்று நிற்கிறான். சைபர் செக்யூரிட்டி படிக்க ஆசை. ஆசையைக் குறை சொல்ல மாட்டேன், மலையில் உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடிய வேலை அது. ஆனால் காலியின் ஆவணமே சொல்கிறது, லினக்ஸ் பழக்கம் இல்லாதவர்களுக்கும் தினசரிப் பொது வேலைக்கும் அதைப் பரிந்துரைக்கவில்லை என்று. அவன் கற்க வேண்டிய என்மேப் (நெட்வொர்க்கை ஸ்கேன் செய்வது), வயர்ஷார்க் (நெட்வொர்க்கில் போகிற வருகிற தகவலைக் காட்டுவது) இரண்டும் மின்ட் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. நெட்வொர்க் பாடத்தை முதலில் படி, உன் வீட்டுப் போனையும் லேப்டாப்பையும் மட்டும் ஸ்கேன் செய்து பார், ஆறு மாதம் கழித்து வெர்ச்சுவல் மெஷினில் (மெஷினுக்குள் ஓடுகிற பாவனை மெஷின்) காலி போடலாம் என்றேன். அவனிடம் 8 ஜிபி இருக்கிறது, தாங்கும்.

முகம் வாடித்தான் போனான். அன்று மாலையே வயர்ஷார்க்கில் டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) பாக்கெட் ஒன்றைப் பிடித்து "அண்ணா, இதுல நான் தேடின பேரு அப்படியே தெரியுதே" என்று போன் போட்டான். இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

2 ஆகஸ்ட் 2025

சேரம்பாடிப் பக்கம் ஒரு தம்பிக்கு நடந்தது. மழையில் மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. பழைய லேப்டாப், பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காது. அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது. பிறகு ஆன் செய்தால் கறுப்புத் திரை.

உடனே மறுபடி நிறுவ வேண்டாம். ஆன் ஆகும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் பிடித்து கிரப் எனும் தொடக்க மெனுவை வரவழைத்து, கூடுதல் விருப்பங்களில் ரெகவரி என்று முடிகிற வரியைத் தேர்ந்தால் ஒரு சின்னப் பட்டியல் வரும். அதில் டிபிகேஜி என்ற வரி, பாதியில் நின்ற பேக்கேஜ்களைச் சரிசெய்கிற வேலை. போனில் பேசியே அதைச் செய்யவைத்தேன், எழுந்துவிட்டது. கோப்புகள் எதுவும் போகவில்லை, லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, செய்யப் போவதை முதலில் ஜர்னலில் குறித்துக்கொண்டு எழுதுவதால் திடீர் அணைப்பைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

அதற்கும் எழாவிட்டால் டைம்ஷிஃப்ட், கணினியை முன்பு இருந்த நிலைக்குத் திருப்புகிற கருவி. மின்ட்டோடு கூடவே வருகிறது, ஆனால் ஆன் செய்து வைத்தால்தான் கணினியின் நிலையை அவ்வப்போது படம் எடுத்து வைக்கும். 64 ஜிபி மெஷினில் இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள், இடம் நிறைந்துவிடும். டைம்ஷிஃப்ட் கணினி அமைப்பைத்தான் காப்பாற்றும். பிள்ளையின் ரெக்கார்டு நோட், ப்ராஜெக்ட் எல்லாம் தனியாகப் பென் டிரைவில் இருக்க வேண்டும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர் பக்கமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கமும், வானம் கறுத்திருந்தால் அப்டேட்டைத் தொடாதீர்கள். இரண்டு நாள் பொறுத்தால் எந்த நஷ்டமும் இல்லை.

12 ஆகஸ்ட் 2025

டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் 13-ஆம் பதிப்பு போன சனிக்கிழமை 9-ஆம் தேதி வந்துவிட்டது. "அப்போ டெபியனே போடலாமே?" என்று கேட்கிறார்கள். போடலாம். 12-ஆம் பதிப்பிலிருந்து வைஃபை ஃபர்ம்வேரும் (சிப்புக்குள் ஏற்றும் மென்பொருள்) நிறுவும் ஐஎஸ்ஓவோடு சேர்ந்தே வருகிறது, முன்பு இருந்த பெரிய தலைவலி அது. மீதியை நெட்டில் இறக்கிக்கொள்ளும் நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ ஒரு ஜிபிக்கும் குறைவு. அசையாமல் நிற்பதில் அதற்கு இணை இல்லை. நான் வேலைக்கு வைத்திருப்பதே டெபியன்தான்.

இருந்தும் அந்தப் பெண்ணுக்கு நான் மாற்றவில்லை. மின்ட்டில் டிரைவர் மேலாளர், அப்டேட் மேலாளர், டைம்ஷிஃப்ட் எல்லாம் மெனுவிலேயே கண்ணில் படுகிற இடத்தில் இருக்கின்றன. நான் ஊரில் இல்லாத நாளில் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா.

6 செப்டம்பர் 2025

பி.காம். சி.ஏ. பிள்ளைகளுக்கு: விண்டோஸை எடுக்காதீர்கள். டேலி விண்டோஸ் மென்பொருள், பாடத்திலேயே இருக்கிறது. கேம்பஸ் தேர்வு எழுத வைக்கிற பூட்டு பிரவுசர்களும் பெரும்பாலும் விண்டோஸ் கேட்கும். சேஃப் எக்ஸாம் பிரவுசர் விண்டோஸுக்கும் ஆப்பிள் மெஷின்களுக்கும் மட்டும்தான் இருக்கிறது. சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கும் ஆட்டோகேட் இருப்பதால் இதே பதில்தான். லினக்ஸ் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும், பிள்ளையின் மார்க்கை வைத்து அதை நிரூபிக்கக் கூடாது.

256 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் இரண்டையும் வைக்கலாம். வரிசை முக்கியம். முதலில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவி, அந்த 48 இலக்க எண், நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். புது விண்டோஸ் 11 மெஷின்களில் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும், பூட் அமைப்பில் கை வைத்ததும் அந்த எண்ணைக் கேட்கும். இல்லையென்றால் உள்ளே இருப்பது போனது போனதுதான். அடுத்து, விண்டோஸை முழுவதும் அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே பார்டிஷனைச் சுருக்கி, காலி இடத்தில் மின்ட் நிறுவுங்கள்.

7 செப்டம்பர் 2025

மின்ட் 22.2 வந்திருக்கிறது, கர்னல் 6.14. புது மெஷின் வாங்குகிறவர்கள் இதையே இறக்குங்கள். 22.1 நன்றாக ஓடுகிறவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை, ஆதரவுக் காலம் இரண்டுக்கும் ஒன்றே.

28 செப்டம்பர் 2025

கல்லூரி தொடங்கி இவ்வளவு நாள் ஓட்டிய பிறகு 4 ஜிபி பற்றி இன்னும் தெளிவாகச் சொல்ல முடிகிறது.

எக்ஸ்எஃப்சிஇ எழுந்து நிற்க ஒரு ஜிபிக்குள் முடிந்துவிடுகிறது. தின்பது பிரவுசர். ஆன்லைன் வகுப்பு ஒரு டேப், யூடியூப் ஒன்று, கூகுள் டாக்ஸ் ஒன்று, பக்கத்தில் நிரல் எழுதும் விஎஸ் கோடு. அவ்வளவுதான், மௌஸே நகராது. இரண்டு மாற்றம் செய்தோம். ஒன்று இசட்ரேம்: ரேமில் உள்ளதை அதன் ஒரு பகுதியில் சுருக்கி வைக்கும், ரேம் போதாமல் மெதுவான இஎம்எம்சிக்குப் போவது (ஸ்வாப்) குறையும். ஃபெடோராவில் 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து இது தானாகவே உண்டு, மின்ட்டில் நாம் நிறுவ வேண்டும். இரண்டாவது, விஎஸ் கோடை எடுத்துவிட்டு பைத்தானுக்குத் தோனி, சி நிரலுக்கு ஜீனி. முதல் வருட லேப் பயிற்சி முழுவதற்கும் இவை தாராளம்.

ஆனாலும் இனி யார் கேட்டாலும் 8 ஜிபி, அல்லது ஸ்லாட் உள்ள மெஷின் என்றுதான் சொல்வேன். பழைய ஆறாம் தலைமுறை ஐ5, கொஞ்சம் கனம், ஓரம் தேய்ந்தது, ஆனால் ரேம் மாற்றலாம், எஸ்எஸ்டி மாற்றலாம். பளபளப்பான புது செலரானைவிட அது பிள்ளைக்கு உழைக்கும்.

இன்னொன்று. பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) மூலம் எதையாவது நிறுவப் போனால் "இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்ற பொருளில் ஒரு பிழை வந்து நிற்கும். வகுப்பில் பாதிப் பேர் இதில் மாட்டினார்களாம். கணினியின் சொந்தப் பைத்தானைக் கெடுக்காமல் இருக்கத்தான் அந்தத் தடை. அதை உடைக்கச் சொல்கிற கட்டளை நெட்டில் கிடைக்கும், போடாதீர்கள். வென்வ் பேக்கேஜை நிறுவி, ப்ராஜெக்ட் அடைவுக்குள் ஒரு தனிச் சூழல் உருவாக்கி, அதற்குள் பிப் ஓட்டுங்கள். அவள் இப்போது வகுப்பில் மற்றவர்களுக்கு இதைச் செய்து கொடுக்கிறாள்.

15 அக்டோபர் 2025

நேற்றோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி கேட்கும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் கேட்கும். நம் பக்கம் வீடுகளில் இருப்பதில் பெரும்பகுதி அதற்குக் கீழேதான். 2011-இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் அக்காவுக்கு வந்தது, இப்போது தம்பியின் மேசையில் இருக்கிறது. இவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். உள்ளே ஹார்டு டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி, ரேம் ஸ்லாட்டில் இடம் இருந்தால் இன்னொரு 4 ஜிபி. அதற்கு மேல் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டால் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு சி++, பைத்தான், மைஎஸ்கியூஎல் எல்லாவற்றுக்கும் போதும்.

செலவு செய்யும் முன் ப்ராசஸர் 64 பிட்தானா என்று மட்டும் பாருங்கள், லைவ் பென் டிரைவ் பூட் ஆனாலே தெரிந்துவிடும். 32 பிட் மட்டும் என்றால் மின்ட் 22 கிடையாது. டெபியன் 13-இலும் 32 பிட்டுக்கு நிறுவி இல்லை, டெபியன் மேல் நிற்கிற மின்ட்டாக நேற்று வந்த எல்எம்டிஇ 7-இலும் இல்லை. டெபியன் 12-இல் இருக்கிறது, அதைப் போட்டு எழுதப் படிக்க வைத்துக்கொள்ளலாம். அந்த மெஷினுக்குப் புது ரேமும் எஸ்எஸ்டியும் வாங்கிப் பணத்தைப் போடாதீர்கள்.